செடி வைத்த வீடு

என் கணவர் மௌத்தாகி மூன்றாம் நாள் நானா புத்தளத்துக்குத் திரும்பினார். புறப்படும் முன் அறைக்குள் வந்து என் பாய்க்குப் பக்கத்தில் குந்தினார்.

"இத்தா முடிஞ்ச கையோட வந்து கூட்டிக்கொண்டு போறன். நீ ஒண்டுக்கும் யோசிக்காத."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு உம்மா வாப்பா இல்லை, பிள்ளை இல்லை, கூடப்பிறந்த அண்ணன் அந்த ஒருவர்தான். அவர் சொன்ன அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான், மன்னார் உப்புக்குளத்தில் நான் விரும்பி வராத ஒரு வீட்டுக்குள் நாலு மாதமும் பத்து நாளும் இருந்து முடித்தேன்.

இத்தா என்பது எங்களில் கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காலம். வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை, அலங்காரம் இல்லை. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் இருந்ததெல்லாம் மாமி சொன்னது. முகம் பார்க்கக்கூடாது என்று அலுமாரிக் கண்ணாடிக்கு மேல் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார். யன்னல்கள் எல்லாவற்றுக்கும் பழைய சீலைகளை ஆணியடித்து மாட்டினார். வீட்டைச் சுற்றிய வளவில் சேவல் கூவினால்கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், நான்தான் அதைக் கூப்பிட்டு வைத்திருக்கிறேன் என்பதுபோல. மகனைப் பறிகொடுத்த தாய், என்ன சொல்ல. அவர் அழுதுகொண்டே ஆணியடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது நான் சிறு பிள்ளை. எனக்குத் தெரிந்த ஊர் புத்தளம்தான். கிடுகுக் கொட்டிலிலிருந்து கல்வீடு வரைக்கும் அங்கேதான் வளர்ந்தேன், அங்கேதான் கலியாணம் முடித்தேன். யுத்தம் முடிந்து ஆட்கள் மன்னாருக்குத் திரும்பத் தொடங்கியபோது என் கணவருக்கும் மாமிக்கும் கால் தரையில் நிற்கவில்லை. எனக்கு ஒரு பூரிப்பும் வரவில்லை. "உங்கட ஊருக்கு நீங்கள் போங்கோ" என்று சண்டை பிடித்தேன். பிடித்து என்ன, வீட்டுச் சாமான் ஏற்றிய லொறியில் நானும் ஒரு சாமானாக ஏறினேன். வந்து ஒரு வருஷம் கொஞ்சம் கழிந்திருக்கும், ஒருநாள் கடையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு வலி என்றார்கள். என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்விட்டாரே என்று, அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்தக் காலத்து உப்புக்குளத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். திரும்பி வந்தவர்களில் உண்மையாகவே இருக்க வந்தவர்களும் இருந்தார்கள், திரும்பியதாகப் பதிந்து மீள்குடியேற்ற உதவியை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்கே போய்விடுகிறவர்களும் இருந்தார்கள். யார் எந்த வகை என்று பார்க்க அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆட்கள் வருவார்கள். குசினியில் சாம்பல் இருக்கிறதா, கொடியில் ஈர உடுப்புத் தொங்குகிறதா, வளவில் செடி வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாம்பலைப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொட்டலாம். செடிதான் பெரிய சாட்சி. அதனால் எங்கள் தெருவில் ஒரே ஒரு தென்னம்பிள்ளை வாளியோடு வீடு வீடாகப் போய் வந்தது. ஆட்கள் முன் வீட்டில் நிற்கும்போது அதைப் பின்வேலியால் தூக்கிக் கொடுத்து அடுத்த வளவில் புதைப்பார்கள். என் கணவர் அதைக் கண்டால் நின்று சலாம் சொல்லுவார். பிறகு கந்தோர் ஆட்கள் வருவது குறைந்துபோனது, ஆனால் அந்தப் பார்வை தெருவிலே தங்கிவிட்டது. "அவங்க செடி வைச்சிட்டாங்க" என்றால் அந்தக் குடும்பம் இனிப் போகாது என்று அர்த்தம். நான் வளவில் ஒரு மிளகாய்க் கன்றுகூட வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

எங்கள் வீட்டு மீன் தொட்டி, என் கணவர் புத்தளத்திலிருந்து மெத்தைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. அலங்கார மீன்களைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் இடத்தில் பல வருஷம் வேலை செய்தவர் அவர். மன்னாரில் சில்லறைக் கடை போட்ட பிறகும் பேச்சு முழுக்க மீன் தொட்டிதான். பிளாஸ்டிக் செடி வைத்த தொட்டியைக் கண்டால் முகம் சுருங்கும். உயிர்ச்செடி நடவேண்டும், நடுவில் ஒரு மரக்கட்டை கிடக்கவேண்டும், இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பார். பின்பக்கம் மணல் உயரமாக, முன்பக்கம் பள்ளமாக இருக்கவேண்டும் என்று சாப்பிடும்போது பீங்கானில் சோற்றைக் குவித்துக் காட்டுவார். ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இத்தாவில் உட்கார்ந்தபோதுதான், ஒன்றும் போகாமல் எல்லாம் உள்ளேயே கிடந்தது தெரிந்தது.

தொட்டி கூடத்தில் சீமெந்துக் கற்களுக்கு மேல் வெறுமையாக இருந்தது. மாமி அதற்கும் ஒரு விரிப்பைக் கொண்டுவந்தார். கண்ணாடிதானே, முகம் தெரியும் என்றார்.

"தண்ணி ஊத்திச் செடி வைச்சா முகம் தெரியாது மாமி," என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த வீட்டில் இன்னும் ஒன்றை மூடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மாமி விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "மீன் விடப்படாது," என்றார். "அதில ஆண் எது பெண் எது எண்டு ஆருக்குத் தெரியும்?"

அவர் மௌத்தான பிறகு எனக்கு முதல் தடவை சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

மணலில் தொடங்கினேன். வளவு முழுக்க மணல்தான், ஆனால் அது கடல் மணல், சிப்பித் தூளும் உப்பும். வீடு கட்டக் கொட்டிய ஆற்று மணலில் மிச்சம் ஒரு குவியலாகப் பின்பக்கம் கிடந்தது. மாமி முணுமுணுத்துக்கொண்டே வாளியில் அள்ளி வந்து தர, குளியலறையில் வைத்து அலசினேன். அலச அலசக் கலங்கல் வந்தது. ஒரு நாள் முழுக்க அலசினேன், அடுத்த நாளும் அலசினேன். எனக்கு என்ன அவசரம். அந்தக் குவியல் முழுவதையும் கழுவித் தா என்றாலும் கழுவியிருப்பேன்.

அடுத்தது கட்டை. நாங்கள் இல்லாத இருபது வருஷத்தில் ஏதோ ஒரு மரம் கிணற்றுக்குள் வேர் விட்டிருந்தது. வந்த புதிதில் கிணறு இறைத்தவர்கள் அதை வெட்டி மேலே போட்டார்கள். ஆட்டுக் கால் போல மடங்கி, நுனியில் கவர் விட்டு, நல்ல வடிவான வேர். விறகுக்கு எடுத்த மாமியிடமிருந்து பறித்து, தொட்டிக்கு என்று சொல்லி என் கணவர் குசினிப் பரணில் வைத்திருந்தார். உவர்க் கிணற்றில் ஊறிய கட்டையை அவிக்காமல் போட்டால் உப்பும் சாயமும் இறங்கித் தண்ணீர் கெட்டுவிடும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதை அவிக்கும் அளவுக்குப் பெரிய பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அவருடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்தவர்களுக்குச் சோறு ஆக்கிய கிடாரம்.

மாமி குசினிக்குள் வந்து மூடியைத் திறந்தார்.

"என்ன புள்ள அவியுது?"

"கட்டை."

"கட்டையை அவிச்சு ஆருக்குக் குடுக்கப் போறாய்?"

உங்களுக்குத்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. மூடியை வாங்கிக் கிடாரத்தை மூடினேன்.

தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வந்தது. ஊற்றிவிட்டு மறுபடி அவித்தேன். நிறம் வெளிறிய பிறகு தொட்டிக்குள் வைத்தால் கட்டை மிதந்தது. இருபது வருஷம் தண்ணீருக்குள் கிடந்த வேர், ஒரு வருஷம் பரணில் காய்ந்ததும் தண்ணீரை மறந்துவிட்டது. கையால் அமுக்கினேன், விட்டதும் மேலே வந்தது. மேலே ஒரு கல்லை வைத்தேன், கல் சறுக்கிக் கண்ணாடியில் மோதப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அதை அடுப்பில் செருகியிருப்பேன். கடைசியில் பழைய வீட்டு ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, மீன் பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டையை அதோடு இறுக்கிக் கட்டி, அந்தத் துண்டை மணலுக்குள் புதைத்தேன். பிறகு அது அசையவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டி வைத்ததால்தான் அது இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக வந்தது. எழும்பிப் போய்ப் படுத்துவிட்டேன்.

செடிக்கு என்ன செய்வது? கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா கிழமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் அரிசியும் கீரையும் கொண்டுவருவார். அவரும் அகதி முகாமிலிருந்து திரும்பி, காடாய்க் கிடந்த காணியைத் திருத்தி வயல் செய்கிறவர். தண்ணீருக்குள் வளரும் செடி கொஞ்சம் வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, அதுக்கென்ன," என்று போனார்.

அடுத்த கிழமை ஒரு பை நிறையப் பொன்னாங்காணியும் கங்குன் கீரையும் கொண்டுவந்தார். இரண்டும் தண்ணீரில் வளர்வதுதான், அவரில் என்ன பிழை. நான் வாய் திறப்பதற்குள் மாமி பையைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டார். மத்தியானம் என் தொட்டிச் செடியைச் சுண்டலாகச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

மறு கிழமை விளக்கமாகச் சொன்னேன். தின்கிற செடி இல்லை, முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது.

"அது வாய்க்காலை அடைக்கிற பாசியெல்லோ? நாங்கள் அதை இழுத்துக் கரையில எறியிறனாங்கள்."

"அதுதான் அக்கா வேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குச் சுகம்தானே பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆனாலும் கொண்டுவந்தார். ஈரச் சாக்குக்குள் வேலம்பாசியும், நாடா போல நீண்ட ஒரு புல்லும், அலை அலையான இலையோடு கொட்டிக் கிழங்கும் இருந்தன. கொட்டியைக் கண்டதும் அதைத்தான் முதலில் எடுத்து மடியில் வைத்தேன். என் கணவர் நனைத்த கடதாசியில் சுற்றி வெளிநாட்டுக்குப் பொதி செய்ததும் இதைத்தான். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளிகளில் ஆறவிட்டு ஊற்றினேன். பாசியைச் சிறு பிடிகளாகச் சேர்த்து, அடி இலையை உருவி, விரலால் மணலில் குழி செய்து நட்டேன். கிழங்கின் தலை மணலுக்கு வெளியே தெரியவேண்டும், மூடினால் அழுகிவிடும். அவர் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டபடி அவரோடு சண்டையும் பிடித்தேன், அழவும் செய்தேன். மாமி தொழுகைப் பாயிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓதத் தொடங்கினார்.

கொஞ்ச நாளில் செடிகள் வெளிறத் தொடங்கின. யன்னலெல்லாம் சீலை, வெளிச்சம் எங்கே வரும்? யன்னலைத் திறக்கச் சொன்னால் மாமி மாட்டேன் என்றார். தெரு முழுக்க ஆம்பிளைகள் என்றார்.

"அப்ப செடி சாகட்டும்," என்றேன் எரிச்சலில்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, தொட்டிக்கு நேரே இருந்த யன்னலில் மேல்பாதிச் சீலையின் ஆணியைக் கழற்றினார். வெயில் சரிவாக இறங்கித் தண்ணீருக்குள் போனது. அந்த வெளிச்சம் செடிக்கென்றுதான் மாமி நினைத்தார். நான் அதற்குப் பிறகு பகல் முழுக்க அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் இருந்தேன்.

கொட்டி புது இலை விட்டது. சுருண்டு வரும், அடுத்த நாள் பார்த்தால் விரிந்திருக்கும். எனக்கு அதில் ஆசை வந்துவிட்டது, அதை மறைக்கத் தேவையில்லை. என்னைப் பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரி, தொட்டியைக் கண்டு சிரித்தாள்.

"செடி வைச்சிட்டாய் போல?"

"கண்ணாடிக்குள்ள வைச்சது கணக்கில்ல. ஒரு வாளியில பிடுங்கிப் போட்டா முடிஞ்சுது," என்றேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

நானா வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். முதலில் நெடுநேரம் பேசினார், பிறகு பேச்சுச் சுருங்கியது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்னார். எங்களில் கலியாணத்தோடு வீட்டை மகளுக்குத்தான் கொடுப்பது. நானாவிடம் இருந்தது ஒரு வீடும் இரண்டு அறையும். நான் எந்த அறையில் படுப்பேன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "வாறன், வாறன்" என்றுமட்டும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. உடுப்புகளை மடித்துப் பையில் வைத்து அறைக் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்தேன்.

இத்தா முடியும் நாள் பின்னேரம் மாமி கிணற்றிலிருந்து ஒரு வாளியோடு வந்தார். நுளம்பு பெருகாமல் இருக்கக் கிணற்றில் விட்டிருந்த சின்ன மீன்கள் உள்ளே ஓடின. சிலதுக்கு வால் செம்மஞ்சளாக இருந்தது.

"வால் வடிவா இருக்கிறதுதான் ஆண், மாமி," என்றேன்.

"இனி இருக்கட்டும்," என்றார். உவர்த் தண்ணீர் மீன், தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கித்தான் விட்டேன். வேலம்பாசிக்கு இடையே போய் ஒளிந்தன, பிறகு கட்டையின் கவருக்குள்ளால் ஒவ்வொன்றாக வந்தன. என் கணவர் இதைப் பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது.

அடுத்த நாள் காலை மாமி எல்லாச் சீலைகளையும் கழற்றினார். நனைத்த பேப்பரால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தார். கூடத்தில் இருந்த நல்ல கதிரையைத் தூக்கித் தொட்டிக்கு நேரே போட்டார். என்னை அனுப்புகிற நாளில் வீட்டைத் துப்புரவாக வைக்கிறார் என்று நினைத்து, எனக்கு அவரில் பாவமாக இருந்தது.

நானா மத்தியானம் வந்தார். மாமி அந்தக் கதிரையில்தான் அவரை இருத்தினார். தண்ணீர் குடித்த கிளாஸைக் கையில் வைத்தபடி அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆரு செஞ்சது?"

"உங்கட தங்கச்சிதான், மகன்," என்றார் மாமி. "ஒவ்வொண்டா நட்டவ. நான் யன்னல் திறக்க வேணாம் எண்டுதான் சொன்னனான், கேக்கேல்ல. வெளிச்சம் இல்லாட்டிச் சாகும் எண்டு என்னோட சண்டை."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நானா கிளாஸைக் கீழே வைத்தார்.

"பஸ்ஸில வரேக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தனான். மூத்தவளுக்குச் சரி வந்திட்டுது. மாப்பிள்ளையும் வீட்டோடதான் இருக்கப் போறார். உன்னை எங்க வைச்சிருக்கிறது எண்டு…" நிறுத்தினார். மறுபடி தொட்டியைப் பார்த்தார். "நீ இஞ்ச செடி வைச்சிட்டாய். நல்லம் தங்கச்சி. செடி வைச்ச வீட்டில இருந்து உன்னைக் கிளப்பினா எனக்குத்தான் பாவம்."

"அது சும்மா, நானா," என்று தொடங்கினேன்.

அவர் நிமிர்ந்தார். வந்ததிலிருந்து இறுகிக்கிடந்த முகம் அப்போதுதான் இளகியிருந்தது. அவருடைய ஆறுதலை நான் என் கண்ணால் கண்டேன். கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போயிருப்பார், அவர் கெட்டவர் இல்லை. அந்த முகம் மறுபடி இறுகுவதைத்தான் என்னால் பார்க்க முடியாது போலிருந்தது.

"சும்மா, பொழுது போகத்தான் தொடங்கினது," என்று முடித்தேன்.

"எப்பிடித் தொடங்கினால் என்ன," என்றார் நானா, சந்தோஷமாக.

தேத்தண்ணி ஊற்றுவதாகச் சொல்லி எழும்பினேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போய், பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

நானா நன்றாகச் சாப்பிட்டார். எனக்காகக் கையேந்தி நெடுநேரம் துஆ கேட்டார். பின்னேர பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் குசினிக்குள் போனேன்.

"கதிரையை அதுக்கு முன்னால ஏன் போட்டீங்கள் மாமி?"

மாமி கழுவிக்கொண்டிருந்த கிடாரத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீயும் போனா எனக்கு ஆரு புள்ள?"

அவர் கழுவி வைத்த கிடாரத்தை எடுத்துத் துடைத்துக் கவிழ்த்தேன்.

எங்கேயும் போகலாம் என்றிருந்த அந்த முதல் பின்னேரம் நான் வாசற்படலை வரைக்கும் போனேன். நாலு மாதத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"செடி வைச்சிட்டாய் எண்டு உன்ட நானா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போறார்?"

"ஓம்," என்றேன். குழாயில் தண்ணீர் வரும் நேரம். திரும்பி உள்ளே வந்து வாளியை எடுத்தேன், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றவேண்டியிருந்தது.